கம்பியின்றிக் கைமாறிய கோப்புகள்

ஒரே மேசையின்மேல் ஒரு கணினியும் ஒரு கைப்பேசியும் ஒரு முழ இடைவெளியில் இருக்கின்றன. கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். அவற்றின் உரிமையாளர் செய்வது யாது? படத்தை மின்னஞ்சலில் இணைத்துத் தம் முகவரிக்குத் தாமே அனுப்புகிறார். அப்படம் எங்கோ தொலைவிலுள்ள வழங்கி ஒன்றைச் சென்றடைந்து, அங்கிருந்து மீண்டு வந்து, புறப்பட்ட இடத்திற்கு ஒரு முழம் தள்ளியிருக்கும் கணினியில் இறங்குகிறது. வேறு சிலர் வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே செய்தி விடுத்துக்கொள்கின்றனர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று கேட்டனர் முன்னோர். அக்கேள்விக்கு இதனினும் பொருத்தமான இலக்கு கிடைப்பது அரிது.

இந்நிலை அறிவியலின் குறைவால் நேர்ந்ததன்று. ஒரு முழத்தை மட்டுமன்றிக் கடலையே காற்றுவழிக் கடக்கும் ஆற்றலைக் கணினிகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே பெற்றுவிட்டன. குறுக்கே நின்றது வேறொன்று. அஃது யாதென்பதைக் கோப்புப் பரிமாற்றத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தீவுகளுக்கிடையே தொடக்கம்

இவ்வரலாற்றின் முதல் ஏடு பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளில் எழுதப்பெற்றது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெருங்கணினி ஓவாகு தீவில் இருந்தது. அதனைப் பயன்படுத்த வேண்டியவர்களோ பல தீவுகளில் சிதறியிருந்தனர். தொலைபேசிக் கம்பிகள் செலவு மிக்கனவாகவும் நம்புதற்கு அரியனவாகவும் இருந்தமையால், பேராசிரியர் நார்மன் ஏபிரம்சனும் அவர்தம் குழுவினரும் வானொலி அலைகளை நாடினர். 1971ஆம் ஆண்டு ஜூன் திங்களில் செயற்படத் தொடங்கிய அவ்வமைப்பின் பெயர் அலோகாநெட். ‘அலோகா’ என்பது ஹவாய் மக்களின் வணக்கச் சொல்.

பலர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளுங்கால் ஓர் இடர் எழும். இருவர் ஒரே கணத்தில் அனுப்பினால் இருவர் செய்தியும் கெடும். ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பியவுடன் வகுப்பிலுள்ள நாற்பது மாணவரும் ஒருசேர விடை கூறினால் எவர் விடையும் காதில் விழாததைப் போன்றது அது. ஏபிரம்சன் குழுவினர் கண்ட தீர்வு மிக எளியது. அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட வேண்டும். ‘பெற்றேன்’ என்னும் மறுமொழி வாராவிடின் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். பொறுக்கும் நேரம் ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் வெவ்வேறாக அமைய வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின், இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காடே பயன்படும். எனினும், முன்கூட்டியே முறை வகுத்துக் கொடுப்பார் இன்றியே பலர் ஒரு வெளியைப் பகிர்ந்துகொள்ளல் கூடும் என்பதனை அது மெய்ப்பித்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973இல் வகுக்கத் தொடங்கிய ஈதர்நெட் முறைக்கு அலோகாநெட்டே தூண்டுகோல். பேசுமுன் செவிமடுத்தல் என்னும் ஒழுக்கத்தை ஈதர்நெட் சேர்த்தது. இன்றைய வை-ஃபையும் அவ்வொழுக்கத்தைக் கைக்கொண்டே இயங்குகிறது.

அலைகளைப் பொதுமக்கள் கையாளுவதற்குச் சட்டமும் இடம் தர வேண்டியிருந்தது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அவற்றுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையும் ஒன்று. நுண்ணலை அடுப்புகள் இயங்கும் வரிசை அது. பிறர் வேண்டாவென ஒதுக்கிய குப்பைமேடு. வை-ஃபையும் புளூடூத்தும் அக்குப்பைமேட்டில் முளைத்த பயிர்களே.

கண்ணோடு கண் நோக்கி

எனினும் கையடக்கக் கருவிகளுக்கு முதலில் வாய்த்த கம்பியில்லா வழி வானொலி அலையன்று, ஒளியே. தொலைக்காட்சியை இயக்கும் கருவியிலிருந்து புறப்படும் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டே கோப்புகளையும் அனுப்பலாம் என்பதைக் கண்டு, உற்பத்தியாளர்கள் 1993இல் அகச்சிவப்புத் தரவுச் சங்கம் ஒன்றை நிறுவினர். இர்டா என்று அது சுருங்க வழங்கப்பெற்றது. மடிக்கணினிகளின் பக்கவாட்டிலும், 1990களின் பிற்பகுதியில் வந்த கைப்பேசிகள் பலவற்றின் தலைப்பகுதியிலும் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிறு சாளரம் இருந்தது. இரு கருவிகளும் ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவுக்குள் ஒன்றையொன்று நேர்நோக்கி இருத்தல் வேண்டும். இடையில் ஒரு கை குறுக்கிட்டாலும் பரிமாற்றம் அறுபடும்.

அதன் தொடக்கநிலை விரைவு நொடிக்கு 115.2 கிலோபிட். ஒரு மெகாபைட் அளவுள்ள படம் கடந்து செல்ல எழுபது நொடிக்குமேல் ஆகும். அவ்வளவு நேரமும் இரு கருவிகளையும் அசையாமல் வைத்துக் காத்திருத்தல் வேண்டும். மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அக்கண்ணும் இல்லை. அதனைத் தனியே வாங்கிச் செருக வேண்டும்.

இர்டா இன்று வழக்கொழிந்து போயினும், அது விட்டுச்சென்ற செல்வம் ஒன்று உண்டு. கோப்பைக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் இரு கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியை அச்சங்கம் வகுத்தது. ஓபெக்ஸ் என்பது அம்மொழியின் பெயர். இணைக, இடுக, பெறுக, விலகுக என்னும் ஏவல்களே அதன் அடிப்படை. இது செய்தியா படமா என்று அது ஆராய்வதில்லை. ஒரு பொருளுக்குப் பெயரும் அளவும் இருந்தால் அதற்குப் போதும். பின்னர் வந்த புளூடூத் அமைப்பினர் புதிதாக வேறொரு மொழியைப் படைக்காமல் ஓபெக்ஸையே ஏற்றுக்கொண்டனர். சாலை மாறியும் வண்டி மாறவில்லை. பிற்காலத்தில் நிகழ்ந்தவற்றை நோக்குங்கால், இஃது எத்துணை அரிய பெருந்தன்மை என்பது விளங்கும்.

அரசன் பெயரால் ஓர் உடன்படிக்கை

சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தின் பொறியியலாளர் யாப் ஹார்ட்சன் 1994 முதல் குறுந்தொலைவு வானொலி இணைப்பு ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். ஸ்வென் மாட்டிசன் அவருக்குத் துணைநின்றார். கதவு, சுவர், சட்டைப்பை ஆகிய எவையும் தடுக்கலாகாது. மின்கலம் விரைவில் தீரலாகாது. விலையும் மலிவாதல் வேண்டும் என்பன அவர்தம் நோக்கம்.

குப்பைமேட்டு அலைவரிசையில் இரைச்சல் மிகுதி என்பதால், இக்கருவி ஓரிடத்தில் நில்லாமல் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசுமாறு அமைக்கப்பெற்றது. ஒரு தடத்தில் இடையூறு இருப்பினும் அடுத்த தாவலில் செய்தி தப்பிவிடும். தாவிப் பேசும் இம்முறைக்கு முன்னோடியாக விளங்கிய எண்ணங்களுள் ஒன்றுக்குத் திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தனர் என்பது சுவையான செய்தி. பியானோவின் கட்டைகள் 88; அவர்கள் எண்ணிய தடங்களும் 88.

1998 மே திங்களில் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூட்டமைப்பு ஒன்றை அறிவித்தன. கைப்பேசி செய்வோரும் கணினி செய்வோரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்பதே அதன் சிறப்பு. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த ஹரால்ட் புளூடூத் என்னும் அரசனின் பெயரை, இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டக் தற்காலிகப் பெயராக முன்மொழிந்திருந்தார். அதுவே நிலைத்துவிட்டது. புளூடூத்தின் சின்னம், அவ்வரசன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பண்டை வடபுல எழுத்தில் பிணைத்தது. எரிக்சன் தன் கண்டுபிடிப்பை உரிமத்தொகையின்றி ஏனையோருக்கு வழங்கியது. பெயரைக் காட்டிலும் அக்கொடையே ஒன்றுபடுத்தியது எனல் மிகையாகாது.

2001 முதல் புளூடூத் கைப்பேசிகள் கடைக்கு வரலாயின. ஆயினும் கணினிப் பக்கம் தொல்லை தீரவில்லை. கணினியில் பொருத்தும் ஒவ்வொரு செருகியும் தனக்கென ஒரு மென்பொருளோடு வந்தது. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறிற்று. ஆப்பிள் கணினிகளில் 2002இலும், விண்டோஸ் எக்ஸ்பியில் 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சேவைத் தொகுப்பிலுமே புளூடூத் இயக்க முறைமையின் உள்ளுறுப்பாயிற்று.

வழி திறந்தவுடன் அதனை அடைக்க முனைந்தோரும் இருந்தனர். 2004இல் மோட்டோரோலா வி710 என்னும் கைப்பேசியை விற்ற அமெரிக்கச் சேவை நிறுவனம் ஒன்று, அக்கருவி இயல்பாகவே பெற்றிருந்த புளூடூத் கோப்புப் பரிமாற்றத்தை முடக்கிவிட்டது. படத்தைக் கணினிக்கு மாற்ற விரும்புவோர் பலர் அந்நிறுவனத்தின் கட்டண வழியை நாட வேண்டியதாயிற்று. வாங்கியோர் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் இணக்கத் தீர்வுக்கு உடன்பட்டது. கருவியால் இயலாததன்று, இயலாதபடி செய்யப்பெற்றது என்பதனை இவ்வழக்கு வெளிப்படுத்தியது. இனி இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்போவது இதனையே.

திறந்த வாயிலில் திருடரும் நுழைந்தனர். 2004இல் தோன்றிய கபீர் என்னும் கேடு, சிம்பியன் வகைக் கைப்பேசிகளில் புளூடூத் வழியே பரவியது. 2005இல் ஹெல்சிங்கி நகரில் உலகத் தடகளப் போட்டி நடந்த அரங்கில் கூடியிருந்தோரிடையேயும் அது பரவிற்று. கபீர் பூட்டை உடைத்து நுழைந்ததன்று. ‘ஏற்கலாமா?’ என்ற கேள்வி திரும்பத் திரும்பத் தோன்றவே, தொல்லை நீங்கினால் போதுமென்று மக்களே ‘ஆம்’ என்பதை அழுத்தினர்.

ஒரு பெயர், இரு கதவுகள்

2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐஃபோன் வெளிவந்தது. அதிலும் புளூடூத் இருந்தது. ஆயினும் ஓபெக்ஸ் வழியே கோப்பை வாங்கவோ கொடுக்கவோ அஃது இசையவில்லை. விலை குறைந்த பிற கைப்பேசிகள் ஒன்றுக்கொன்று பாடல்களைக் கைமாற்றிக்கொண்டிருந்த காலத்தில், விலையுயர்ந்த இக்கருவி வாய்திறவாது நின்றது.

இதற்கிடையில் வை-ஃபை வீடுதோறும் நுழைந்துவிட்டது. 1997இல் நொடிக்கு 2 மெகாபிட் விரைவோடு தொடங்கிய அத்தரம், 1999இல் 11 மெகாபிட்டாக உயர்ந்தது. வை-ஃபை என்னும் ஆங்கிலப் பெயர் வணிகத்துக்காகப் புனையப்பட்டது. அதற்கென விரிவு எதுவும் இல்லை. தமிழில் அதனை ‘அருகலை’ என்றனர். பொருள் பொதிந்த பெயர் எது என்பதைத் தமிழாசிரியர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரே அருகலையில் இணைந்த இரு கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வது எவ்வாறு? ஆப்பிள் 2002இல் அறிமுகப்படுத்திப் பின்னர் போன்ஜூர் என்று பெயர் மாற்றிய முறையில், ஒரு கருவி, ‘இன்ன பணி செய்வார் இங்கு உளரோ?’ என்று கூடத்தில் உரக்கக் கேட்கும், உரியது விடையளிக்கும். இம்முறை பின்னர்ப் பொதுத் தரமாயிற்று. ஆயினும் பள்ளி, விடுதி, விமான நிலையம் முதலிய பொது இடங்களின் வலையமைப்புகளில், பாதுகாப்புக் கருதி ஒரு கருவி மற்றொன்றைக் காணாதவாறு தடுத்துவைத்தல் உண்டு. வீட்டில் எளிதாகச் செல்லும் கோப்பு பள்ளியில் செல்ல மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூடிய கதவுகளுக்கிடையே புகுந்து வழி காண முயன்றோருள் பம்ப் என்னும் செயலியைப் படைத்தோரைக் குறிப்பிடல் வேண்டும். 2009இல் வந்த அச்செயலியில், இரு கைப்பேசிகளை ஒன்றோடொன்று மெல்ல இடித்தால் கோப்பு மாறும். 2013இல், கைப்பேசியால் கணினியின் இடைவெளி விசையை ஒருமுறை தட்டினால் படம் திரையில் தோன்றுமாறும் செய்தனர். காண்போர்க்கு மாயம் போல இருப்பினும், மெய்யில் இரு இடிகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிகழ்ந்தனவா என்று தொலைவிலுள்ள வழங்கி ஒப்பிட்டுப் பார்த்து இணைத்தது. கோப்பும் அவ்வழியே சென்றது. கூகுள் நிறுவனம் அதே ஆண்டில் பம்ப்பை வாங்கிற்று. 2014 ஜனவரி இறுதியில் அச்செயலி மூடப்பட்டது.

ஆப்பிளின் ஏர்டிராப் 2011இல் மாக் கணினிகளுக்கிடையே தொடங்கியது. 2013இல் ஐஃபோன்களுக்கிடையேயும் அதே பெயரில் ஒரு வசதி வந்தது. பெயர் ஒன்று, படைத்தவர் ஒருவர். ஆயினும் கணினியின் ஏர்டிராப்பும் கைப்பேசியின் ஏர்டிராப்பும் ஒன்றையொன்று அறியா! ஓராண்டு கழித்து, 2014இல்தான் அவ்விரண்டும் பேசத் தொடங்கின. ஒரே குடும்பத்துக்குள்ளேயே உடன்பாடு காண இவ்வளவு காலமாயின், பகைக் குடும்பங்களிடையே எவ்வளவு காலமாகும் என்பது எண்ணத்தக்கது.

அது செயற்படும் முறை நுட்பமானது. ஆற்றலைக் குறைவாகச் செலவிடும் புளூடூத் அருகில் யார் உளர் என்று தேடும். பெறுவோர் இசைந்தபின், இரு கருவிகளும் வழிசெலுத்தி எதுவும் இடையின்றி நேரே வை-ஃபை இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். கோப்பு மறையாக்கம் பெற்று அதில் பாயும். தேடுவதற்கு மெதுவான அலை, சுமப்பதற்கு விரைவான அலை என்னும் இப்பங்கீட்டையே பிறரும் பின்னர்க் கைக்கொண்டனர்.

எதிரணியில் ஆண்ட்ராய்டு தடுமாறியது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு பீம், இரு கைப்பேசிகளை முதுகோடு முதுகு சேர்த்துவைக்கச் செய்தது, 2019இல் கைவிடப்பட்டது. 2018இல் விண்டோஸ் 10 தந்த அண்மைப் பகிர்வு கணினிக்கும் கணினிக்கும் மட்டுமே உரியது. 2020இல் கூகுளின் நியர்பை ஷேர் பிறந்தது; அது விண்டோஸ் கணினிக்கு முறைப்படி வந்தது 2023இல். உலகில் பெரும்பாலோர் வைத்திருக்கும் இருவகைக் கருவிகளுக்கிடையே முறையான பாலம் அமைய, ஏர்டிராப் தோன்றியபின் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 2024 ஜனவரியில் சாம்சங்கின் குயிக் ஷேருடன் இணைந்து, அப்பெயரையே அது ஏற்றது.

இடைப்பட்ட காலத்தில் மக்கள் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியையே ஒரு வை-ஃபை மையமாக்கிக் கோப்பை நேரே அனுப்பும் ஷேர்இட், செண்டர் போன்ற செயலிகள் இந்தியா முதலிய நாடுகளில் பெருவழக்குப் பெற்றன. இணையக் கட்டணம் மிச்சமாவது அவற்றின் கவர்ச்சி. 2020 ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளுள் அவ்விரண்டும் அடங்கும். அயலார் செயலியின்மேல் இவ்வளவு பெரிய மக்கள்தொகை சார்ந்திருக்க நேர்ந்ததே, கருவி செய்வோர் பொதுவழியைத் தாமே தராமற்போனதன் விளைவுதான்.

தமிழ் கற்பிப்போர்க்கு இத்துன்பம் புதிதன்று. 1990களில் ஒரு கணினியில் அச்சடித்த தமிழ்க் கோப்பு மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாக விரிந்ததுண்டு. திஸ்கி, தாம், தாப் எனக் குறியீட்டு முறைகள் பலவாய் இருந்தமையே காரணம். கோப்பு பழுதின்றி வந்து சேர்ந்தது. எழுத்துத்தான் வந்து சேரவில்லை. ஒருங்குறி பரவியபின்னரே அவ்வல்லல் நீங்கியது. கம்பியில்லா வழியில் அத்தகைய ஒருங்குறி நெடுங்காலம் பிறக்கவில்லை.

பத்து நிமிடக் கதவு

அருகிலுள்ள எவரும் எவர்க்கும் அனுப்பலாம் என்பது வரமாகவும் சாபமாகவும் அமைந்தது. 2015இல் லண்டனில் தொடர்வண்டியில் சென்ற பெண்ணொருத்தியின் கைப்பேசிக்கு முகமறியாத ஒருவன் ஏர்டிராப் வழியே ஆபாசப் படங்களை அனுப்ப, காவல்துறை விசாரணை மேற்கொண்டது. மறுபுறம், 2019இல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் தணிக்கைக்கு அகப்படாமல் துண்டறிக்கைகளை அவ்வழியே பரப்பினர். சீனப் பெருநிலத்திலும் 2022இல் அரசுக்கு எதிரான சுவரொட்டிகள் இவ்வாறு பரவியதாகச் செய்திகள் வந்தன. அவ்வாண்டு நவம்பரில், ‘எல்லாரிடமிருந்தும் பெறுக’ என்னும் விருப்பத்தை ஆப்பிள் சீனாவில் பத்து நிமிடங்களுக்கு மட்டும் திறந்திருக்குமாறு சுருக்கியது. டிசம்பரில் அக்கட்டுப்பாடு உலகெங்கும் வந்தது. வேண்டாதவர் தொல்லையைத் தவிர்க்க இது நல்ல ஏற்பாடே. எனினும் அது முதலில் எந்நாட்டில், எந்நேரத்தில் வந்தது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

வணிக நிறுவனங்கள் கதவுகளைத் திறப்பதும் அடைப்பதுமாக இருக்க, எவர்க்கும் உரியவையல்லாத வழிகளும் உருவாயின. கேடிஇ கனெக்ட் 2013இலும், லோக்கல்சென்ட் 2022இலும் தோன்றின. இவற்றின் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. விண்டோஸ், மாக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் என்னும் வேறுபாடு இவற்றுக்கு இல்லை. ஒரே அருகலையில் இருந்தால் போதும்; கோப்பு வீட்டைவிட்டு வெளியே செல்வதில்லை. பெருநிறுவனங்கள் பதினைந்து ஆண்டுகளில் செய்யத் தயங்கியதை ஒரு சில தன்னார்வலர் செய்து காட்டினர்.

2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், போட்டிச் சட்டத்தின்கீழ், அருகிலுள்ள பிற நிறுவனக் கருவிகளோடு இணையும் வழிகளைத் திறந்துவிடுமாறு ஆப்பிளுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள், தன் பிக்சல் 10 வகைக் கைப்பேசிகளின் குயிக் ஷேர் இனி ஏர்டிராப்புடன் நேரே பேசும் என்று அறிவித்தது. ஆப்பிளின் உதவியை நாடாமல் அதனைச் செய்ததாகவும் கூறியது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்து மேசைமேலுள்ள மாக் கணினிக்கு, வழங்கி எதனையும் சுற்றாமல், ஒரு படம் ஒரு முழத் தொலைவை நேரே கடந்தது. ஆயின், அதற்கு முன்னதாக அம்மாக் கணினிக்கு உரியவர் தம் அமைப்பில் ‘எல்லாரிடமிருந்தும் பெறுக’ என்பதைத் தேர்ந்து, கதவைத் திறந்துவைத்திருத்தல் வேண்டும்.